பதில் இல்லாத பதிவுகள்

ஃபேஸ்புக் இந்தியாவில் தன் முதல் அலுவலகத்தை 2010-இல் திறந்தது ஹைதராபாத்தில்தான். கச்சிபவுலி, மாதாப்பூர் பக்கம் எழும்பி நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அந்த ஊரில் நடக்கும் இன்னொரு வேலையைப் பற்றி 2019 பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் விரிவாக எழுதியது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளைச் சரிபார்க்க ஜென்பேக்ட் என்ற ஒப்பந்த நிறுவனம் ஹைதராபாத்தில் சுமார் 1,600 பேரை வைத்திருந்தது. ஆபாசப் படங்களைப் பார்த்து நீக்கும் பிரிவில் இருந்தவர்கள் எட்டு மணி நேர ஷிஃப்டில் ஆளுக்கு 2,000 பதிவுகள் வரை பார்த்தார்கள். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு நான்கு. நேரலையில் ஒருவர் உயிரை விடுவதைப் பார்க்க நேர்ந்து, பணியிடத்திலேயே உடைந்து அழுத பெண் ஊழியர்களைப் பற்றியும் முன்னாள் ஊழியர் ஒருவர் அந்தச் செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறார். இருக்கட்டுமா, நீக்கட்டுமா, மேலே அனுப்பட்டுமா என்று முடிவெடுப்பதுதான் சரிபார்ப்பவரின் வேலை. எழுதியவருக்கு ஒரு வரி பதில் சொல்வது அந்த வேலையில் இல்லை. சாக வேண்டும்போல் இருக்கிறது என்று இணையத்தில் எழுதுகிறவர்களை நாம் நடத்தும் விதம் முழுவதும் இந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. அந்தப் பேச்சை ஆபத்து என்று எண்ணி அதை அடைக்கப் பார்க்கிறோம். சான்றுகள் வேறு பக்கம் கை காட்டுகின்றன. பேசுவதால் யாரும் சாவதில்லை. பேசியும் பதில் கிடைக்காத இடத்திலும், தவறான ஆள் பதில் சொல்லும் இடத்திலும்தான் உயிர் போகிறது.

அதே 2019-இல், அதே ஊரில் நடந்ததைப் பார்க்கலாம். ஏப்ரல் 18 அன்று தெலங்கானா இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வந்தன. நம் ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ போன்றது அது. எழுதியவர்கள் 9 லட்சத்துக்கும் மேல். தேறாதவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். முடிவுகளைத் தயாரிக்கும் கணினிப் பணி தனியார் நிறுவனம் ஒன்றிடம் புதிதாகக் கொடுக்கப்பட்டிருந்தது. தேர்வே எழுதாதவர் என்று சிலருக்கு வந்தது. தெலுங்குப் பாடத்தில் 99 வாங்கிய மாணவி ஒருவருக்குப் பூஜ்யம் என்று வந்தது. அடுத்த சில நாட்களில் 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நாம்பள்ளியில் உள்ள தேர்வு வாரிய அலுவலகத்தின் முன் பெற்றோர் திரண்டார்கள், அரசு மூன்று பேர் குழுவை அமைத்தது, தேறாத அனைவரின் விடைத்தாள்களும் இலவசமாக மறுபடி சரிபார்க்கப்பட்டன. அதில் 1,137 பேர் தேர்ச்சி பெற்றார்கள். எந்த ஒரு மரணத்துக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. மதிப்பெண் பட்டியல் மட்டுமே அவர்களைக் கொன்றது என்று சொல்வது அந்தப் பிள்ளைகளுக்கும் நியாயமாகாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லட்சக்கணக்கான பிள்ளைகளின் கைபேசிக்கு ஒரே நேரத்தில் முடிவைக் கொண்டுசேர்க்கத் தெரிந்த அரசுக்கு, அந்த முடிவைப் பார்த்து நிலைகுலைந்த பிள்ளை அதே கைபேசியில் திருப்பிப் பேச ஓர் ஆளை வைக்கத் தோன்றவில்லை.

பேசுவதற்கு வீட்டில் ஆள் இல்லையா, டாக்டர் இல்லையா, ஏன் முகம் தெரியாதவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் ஒருவரைக் கேலி செய்ய "கீழ்ப்பாக்கம்" என்று சொன்னால் போதும். ஹைதராபாத்தில் அதே இடத்தில் "எர்ரகட்டா" என்பார்கள். அரசு மனநல மருத்துவமனை இருக்கும் பகுதியின் பெயரே வசையாகிவிட்ட ஊர்களில் பிள்ளை எந்த வாயால் வீட்டில் சொல்லும்? சொன்னால் கல்யாணப் பேச்சு நின்றுபோகும், வேலையில் தெரிந்துவிடும், விடுதி வார்டன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இவற்றோடு போலீஸ் பயமும் சேர்ந்துகொண்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நம்மோடு இருந்தது. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், அவர் தண்டிக்கப்படக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று திருப்பிப் போட்டது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவே இல்லை. அரசு ஊழியரைத் தடுக்கவோ நிர்ப்பந்திக்கவோ முயன்றால் மட்டும் குற்றம் என்று ஒரு மிச்சம் இருக்கிறது. சட்டம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகிவிடும் என்ற பேச்சு மட்டும் வீடுகளில் மாறவில்லை. மனநலச் சிக்கல் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை என்று 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொன்னது. நோய்க்கு ஏற்ப அந்த இடைவெளி 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. பெயர் சொல்லத் தேவையில்லாத, காசு கேட்காத, நடு இரவிலும் திறந்திருக்கிற ஒரே கதவாக இணையம் இருக்கும்போது அதைத் தட்டுகிறவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அந்தக் கதவைத் தட்டும் பதிவுகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால், பலவற்றில் சாவு என்ற சொல்லே இருக்காது. "நான் இல்லன்னா வீட்டுக்கு ஒரு செலவு மிச்சம்" என்று இருக்கும். எல்லாருக்கும் நன்றி சொல்லும் ஒரு வரி, காரணமில்லாமல் கேட்கப்படும் ஒரு மன்னிப்பு, திடீரென்று மாற்றப்பட்ட கறுப்பு முகப்புப் படம் என்று இருக்கும். அதன் கீழே வருகிற பதில்களைப் படித்தால் நம் சமூகத்தின் கை எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்பது தெரியும். "பீ ஸ்ட்ராங் ப்ரோ." "அம்மா அப்பாவை நினைச்சுப் பாரு." "இதைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்." கூப்பிய கைகள், உடைந்த இதயங்கள். நடுவில் ஒருவர், "லைக்குக்காகப் போடுறான்" என்பார். தனக்குத் தெரிந்த சாமியாரின் வீடியோவை இன்னொருவர் ஒட்டிவிட்டுப் போவார். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை, லைக்குக்காக என்று எழுதியவரைத் தவிர. ஆனால் எல்லாருமே பேச்சை முடித்துவைக்கிறார்கள். அம்மா அப்பாவுக்குத் தான் பாரம் என்று நினைப்பவரிடம் அம்மா அப்பாவை நினைத்துப் பார் என்று சொன்னால் அந்தப் பாரம் இரட்டிப்பாகும். "என்ன நடந்தது?" என்ற கேள்வி மட்டும் அங்கே வருவதில்லை. "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பவர் அநேகமாக இருப்பதே இல்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற பயம் படித்தவர்களுக்கும் இருக்கிறது.

அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வில், தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. முன்பே மனச்சோர்வில் இருந்தவர்களும், ஒருமுறை முயன்றவர்களும் கேள்விக்குப் பிறகு சற்றுத் தேறியதாகவே அது காட்டியது. கேட்பது தீங்கு செய்யாது என்பதையே பிந்தைய ஆய்வுகளின் தொகுப்புகளும் சொல்லின. நமக்கு இன்னும் அருகில் ஒரு சான்று இருக்கிறது. அதைத் தமிழர்கள் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங், இலங்கையின் கொழும்பு, ஐந்தாவது நம் சென்னை. தற்கொலைக்கு முயன்று அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு அதோடு, வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு, பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ போய் "எப்படி இருக்கீங்க?" என்ற விசாரிப்பு. விலை உயர்ந்த மருந்தோ கருவியோ இதில் எதுவும் இல்லை. பதினெட்டு மாத முடிவில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். 18 மரணங்களுக்கு எதிரே 2. அந்த ஆய்வின் சென்னைப் பகுதியை நடத்தியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 1986-இல் சென்னையில் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர். ஹைதராபாத்தில் 1997 முதல் 'ரோஷ்ணி' அமைப்பும் அதே வழியில் இயங்குகிறது. தொலைபேசியை எடுக்கும் தன்னார்வலர் தீர்ப்புச் சொல்வதில்லை, உபதேசம் செய்வதில்லை, கேட்கிறார்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிகக் கனமானது, தற்கொலை தொற்றும் என்பது. அது உண்மைதான். புகழ்பெற்ற ஒருவரின் தற்கொலை முதல் பக்கத்தில் பெரிதாக வந்தால் அடுத்த நாட்களில் அத்தகைய மரணங்கள் கூடுகின்றன என்று சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் 1974-இலேயே காட்டினார். வியன்னாவில் பரபரப்புச் செய்திகளை நாளிதழ்கள் 1987-இல் கைவிட்டதும் அதே ஆண்டின் பிற்பாதியில் மரணங்களும் முயற்சிகளும் வெகுவாகக் குறைந்தன. இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இதன் அடிப்படையில் வந்தவையே: வழிமுறையை விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, தலைப்பில் பரபரப்பு வேண்டாம், மரணத்தை ஒரு தீர்வாகக் காட்டாதே. ஆனால் ஆஸ்திரியாவின் நீடர்க்ரோட்டென்டாலர் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபாதியைச் சொல்கிறது. சாக நினைத்து, அந்த நேரத்தைத் தாண்டி வந்த ஒருவரைப் பற்றிய செய்திகளுக்குப் பிறகு தற்கொலைகள் குறைந்திருந்தன. மொஸார்ட்டின் இசை நாடகத்தில் சாகப் போகும் வேளையில் பிறரால் தடுக்கப்படும் பாப்பகேனோ என்ற பாத்திரத்தின் பெயரை அந்த விளைவுக்கு வைத்தார்கள். ஆகவே தொற்றுவது பேச்சு அல்ல. வழிமுறையும் மகிமைப்படுத்தலும்தான் தொற்றுகின்றன. தாண்டி வந்த கதையும் தொற்றத்தான் செய்கிறது. முன்னதை நீக்க வேண்டும், தயக்கமே வேண்டாம். இரண்டையும் ஒரே கத்தரிக்கோலால் வெட்டினால் நல்லதுதான் முதலில் போகும். தன் கஷ்டத்தை எழுதியவரின் பதிவு விதிமீறல் என்று நீக்கப்படும்போது அவருக்குப் போய்ச் சேரும் செய்தி ஒன்றே: இங்கேயும் உனக்கு இடமில்லை.

துன்பத்தில் இருப்பவர்கள் கூடும் இடத்துக்கு வேட்டைக்காரனும் வருவான் என்பதை மறுப்பதற்கில்லை. ஜப்பானின் ஸாமா நகரில் 2017-இல் பிடிபட்ட ஒருவன், சாக விரும்புவதாக ட்விட்டரில் எழுதியவர்களைத் தேடிப்பிடித்து, உதவுகிறேன் என்று வரவழைத்து ஒன்பது பேரைக் கொன்றிருந்தான். பிரிட்டனில் 2017-இல் இறந்த 14 வயதுச் சிறுமியின் வழக்கில், அவள் பார்த்த இணையப் படங்களும் பதிவுகளும் அற்பமல்லாத அளவில் மரணத்துக்குக் காரணமாயின என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். தேடாமலேயே அவள் முன் அவற்றைக் கொண்டுவந்து குவித்தது நிறுவனங்களின் நிரல். இவற்றுக்குப் பிறகும் எல்லாவற்றையும் திறந்துவிடு என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. சாகத் தூண்டுபவன் குற்றவாளி; அவனைப் பிடிக்கவும், அவன் எழுதியதை நீக்கவும், துயரத்தைப் பார்த்தவருக்கு மேலும் மேலும் துயரத்தையே பரிமாறும் நிரலுக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்கவும் சட்டம் வேண்டும். ஆனால் ஸாமாவுக்குப் பிறகு ஜப்பான் செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூண்டுதலுக்கு எதிரான விதிகளைக் கடுமையாக்கியதோடு அது நிற்கவில்லை. இளைஞர்கள் தொலைபேசியில் பேசுவதில்லை, எழுதுகிறார்கள் என்பதை அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் ஏற்று, 2018 மார்ச்சில் சமூக ஊடகங்கள் வழியாகவே ஆலோசனை சொல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியது. வேட்டைக்காரன் வந்த அதே இடத்துக்கு உதவுகிறவரை அனுப்பினார்கள்.

நாம் செய்தது வேறு. 2017 ஆகஸ்டில், சாகத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட 'நீலத் திமிங்கலம்' என்ற இணைய விளையாட்டின் பெயர் நாட்டையே ஆட்டிவைத்தது. மதுரையில் ஒரு கல்லூரி மாணவரின் மரணம் அதனோடு சேர்த்துப் பேசப்பட்டது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது, மத்திய அரசு இணைப்புகளை நீக்கச் சொல்லி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது, பள்ளிகளில் கைபேசிச் சோதனை நடந்தது. 2018 ஜனவரியில் உள்துறை இணை அமைச்சர் மக்களவையில் அளித்த பதிலில், ஆராயப்பட்ட எந்த மரணத்திலும் அந்த விளையாட்டின் தொடர்பு நிறுவப்படவில்லை என்றார். அத்தனை மாதக் கூச்சலில் ஒரு திமிங்கலத்தைத் தேடினோம்; இறந்த பிள்ளைகளுக்கு என்ன பிரச்சினை இருந்தது என்பதைத் தேடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளி எதிரி கிடைத்தால் வீடும் பள்ளியும் அரசும் சேர்ந்து நிம்மதி அடைகின்றன.

நிறுவனங்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது: எந்திரம் கண்டுபிடித்துவிடும், போலீஸுக்குத் தகவல் போய்விடும். ஃபேஸ்புக் 2017 முதல் செயற்கை நுண்ணறிவால் இத்தகைய பதிவுகளைக் கண்டறிந்து வருகிறது. 2020 ஆகஸ்டில் அயர்லாந்தில் இருந்த அதன் ஊழியர்கள் டெல்லி போலீஸுக்குத் தகவல் தர, அந்தக் கணக்கோடு இணைந்திருந்த தொலைபேசி எண்ணைத் தொடர்ந்துபோய் மும்பையில் இருந்த ஒருவரைக் காப்பாற்றினார்கள். அந்த ஒரு உயிருக்காகவே அந்த ஏற்பாட்டை மதிக்கலாம். ஆனால் அது கடைசி நிமிடத்துக்கான ஏற்பாடு. ஹைதராபாத்தில் எழுதுகிற பிள்ளை தெலுங்கை ஆங்கில எழுத்தில் எழுதி, நடுவில் தக்னி உருதுவைக் கலந்து, பாதியைச் சினிமாப் பாட்டு வரியால் சொல்லிவிட்டுப் போகிறது. அதைப் பிடிக்க எந்திரத்துக்கு மட்டுமல்ல, வேற்றூர் மனிதருக்கும் முடியாது. பிடித்தாலும் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றால் தெரு முழுக்கத் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை இன்னொரு முறை எங்கேயும் எழுதாது. உயிர் ஊசலாடும் நிமிடத்தில் போலீஸ் வேண்டும். அதற்கு முந்தைய நூறு இரவுகளில் வேண்டியது வேறொருவர்.

கேட்பது மட்டும் போதுமா, கடன்காரனும் தேர்வு வாரியமும் சாதியும் அப்படியே இருக்கும்போது ஆறுதல் பேச்சு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. என் பார்வையில் இதுதான் எல்லா ஆட்சேபங்களிலும் மதிக்கத்தக்கது. 2020 டிசம்பரில் ஹைதராபாத், சைபராபாத் போலீஸார் கடன் செயலிகளின் கால் சென்டர்களில் சோதனை நடத்தினார்கள். சில ஆயிரம் ரூபாய் கடன் கொடுத்து, கைபேசியில் உள்ள தொடர்பு எண்களை எல்லாம் உருவிக்கொண்டு, தவணை தவறினால் உறவினர்களையும் உடன் வேலை பார்ப்பவர்களையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கி, அதில் கடன் வாங்கியவரின் படத்தைப் போட்டுத் 'திருடன்' என்று எழுதுவது அவர்களின் வசூல் முறை. தெலங்கானாவில் அடுத்தடுத்து நடந்த மரணங்களே அந்த விசாரணைக்கு வழி திறந்தன. பிறகு ரிசர்வ் வங்கி அமைத்த குழு, இந்தியாவில் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. 2022 செப்டம்பரில் வந்த விதிகள் செயலிகள் தொடர்பு எண்களைத் தொடவே தடை போட்டன. அவமானத்தை வாட்ஸ்அப்பில் அனுபவித்தவர்கள் அதை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்த மாதங்களில்தான் அந்தத் தொழில் கொழித்தது. இரண்டு பேர் சொல்லி, இருநூறு பேர் எனக்கும் அப்படித்தான் என்று சொல்லியிருந்தால் அது ஒருவரின் வெட்கமாக இல்லாமல் ஊரின் வழக்காகியிருக்கும். தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் தவறியவர்கள் ஓராண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே மறுதேர்வு எழுதும் முறை வந்ததன் பின்னாலும், உதவி எண்ணில் அழுத பிள்ளைகளின் குரலைக் கேட்ட சிநேகா போன்ற அமைப்புகளின் வற்புறுத்தல் இருந்தது. காது கொடுத்தவர்களுக்குத்தான் எந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்பது தெரிந்தது.

இந்த இடத்தில் ரோஹித் வேமுலாவைத் தாண்டிப் போக முடியாது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான அவர் 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அவரும் நண்பர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டுத் திறந்த வெளியில் தங்கிப் போராடிக்கொண்டிருந்தார்கள். அவரது கடைசிக் கடிதம் சில மணி நேரத்தில் நாடு முழுக்கப் படிக்கப்பட்டது. கடிதத்தை வெளியிடாதே என்பது ஊடக நெறி. வெளியிடாமல் இருந்திருந்தால் உயர்கல்வியில் சாதிப் பாகுபாடு பற்றிய அந்தப் பெரிய விவாதம் எழுந்திருக்குமா என்பது எதிர்க்கேள்வி. அந்தக் கோபத்தை அடக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 2009-க்குப் பிந்தைய தனித் தெலங்கானாப் போராட்டத்திலும், அதே ஆண்டு ஈழத்துக்காகச் சென்னையிலும், இறந்தவர்களை நாம் போஸ்டரில் ஏற்றிய விதம் சரியில்லை. அநீதியை ஆயிரம் முறை உரக்கப் பேச வேண்டும், பெயர் சொல்லிப் பேச வேண்டும். மரணத்தை அந்தப் பேச்சின் நுழைவுச் சீட்டாக்கக் கூடாது. உயிரோடு போராடிக்கொண்டிருந்தபோது வராத காமிராக்கள் இறந்த பிறகு வந்தன என்பது எங்கோ இன்னொரு விடுதி அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடமாகப் போய்ச் சேருகிறது. அந்தப் பாடத்தைத் திருத்துவது பத்திரிகைக்காரர்களான எங்கள் வேலை.

எண்களையும் பார்த்துவிடலாம். 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்தது. அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். லட்சம் பேருக்கு 12.4 என்பது தேசிய விகிதம். தெலங்கானாவும் தமிழ்நாடும் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இந்தப் பிரச்சினையில் நாம் ஹைதராபாத்தை எட்டி நின்று பார்ப்பவர்கள் இல்லை. இதற்கிடையே பேச்சும் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு வாரத்தில் தங்கள் பயனர்களில் 0.15 சதவீதம் பேரின் உரையாடலில் தற்கொலைத் திட்டத்தின் வெளிப்படையான அறிகுறி இருப்பதாக 2025 அக்டோபரில், செயற்கை நுண்ணறிவு உரையாடல் நிரலை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனமே அறிவித்தது. அப்போது வாரத்துக்கு 80 கோடிப் பேர் பயன்படுத்திய சேவையில் அது பத்து லட்சத்துக்கும் மேல். மனிதர்களிடம் சொல்லப் பயந்தவர்கள் நிரலிடம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நிரல் இரவு முழுக்க விழித்திருக்கும், அலுக்காது; ஆனால் கதவைத் தட்டி உள்ளே வந்து பக்கத்தில் உட்காராது.

அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்துள்ளன. தமிழும் தெலுங்கும் உட்பட 20 மொழிகளில் பேசலாம். 2022 நவம்பரில் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030-க்குள் மரணங்களைப் 10 சதவீதம் குறைக்க இலக்கு வைத்தது. விசாகப்பட்டினத்தில் ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும், உதவி எண்களை விடுதியிலும் வகுப்பிலும் எழுதி வைக்க வேண்டும் என்றது. நல்லது. ஆனால் ஹைதராபாத்தின் பல இன்டர்மீடியட் விடுதிகளில் பிள்ளைகள் கைபேசி வைத்திருக்க அனுமதி இல்லை. சுவரில் எழுதிய எண்ணைப் பார்த்து எதில் அழைப்பது? வார்டனிடம் கேட்காமல், யார் கேட்கிறார்கள் என்ற பயம் இல்லாமல் அந்த எண்ணை அழைக்க ஒவ்வொரு விடுதியிலும் ஒரு தொலைபேசி வைப்பதற்கு ஆகும் செலவு, அந்தக் கல்லூரிகள் முடிவு வரும் நாளில் கொடுக்கும் முழுப் பக்க விளம்பரத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. டெலி மானஸில் எழுதிப் பேசும் வழி பெரிதாக வளர வேண்டும். இந்தியர்களின் பதிவுகளில் சம்பாதிக்கும் நிறுவனங்கள் அந்தந்த மொழி பேசும், பயிற்சி பெற்ற மனிதர்களை அமர்த்தி, நீக்குவதற்கு முன் ஒரு பதில் போய்ச் சேர்வதை உறுதிசெய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்பவர்களுக்கு நல்ல சம்பளமும் அவர்களுக்கென்றே ஆலோசகரும் தர வேண்டும். கட்டாயமாக்காமல் இது நடக்காது.

அது வரும் வரை உங்கள் கண்ணில் படும் பதிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கமெண்டில் அறிவுரை எழுதாதீர்கள். தனிச் செய்தியில் பேசுங்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள்; கேட்பதால் கெடுதல் இல்லை. ஆமாம் என்று வந்தால் பதறாமல், வாக்குவாதம் செய்யாமல், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து அவர்களை வரவழையுங்கள். உடனடி ஆபத்து என்று தெரிந்தால் 112-ஐ அழையுங்கள். மறுநாளும் அடுத்த வாரமும் மறக்காமல் விசாரியுங்கள். இதைப் படிக்கும் நீங்களே அப்படி எழுத நினைத்துக்கொண்டிருப்பவராக இருந்தால், டெலி மானஸ் எண் 14416. இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சென்னை சிநேகா: 044-24640050. ஹைதராபாத் ரோஷ்ணி: 040-66202000. ஒருமுறை எடுக்கவில்லை என்றால் இன்னொன்றுக்கு அழையுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் உங்களுக்குத் தெரிந்த ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். தூக்கம் கெட்டது என்று அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.